சிப்பந்திகளின் நலம்: தயவு வேறு, ஹக்கு வேறு



நமக்கு நன்கு பழக்கமான ஒரு கடையில் நடந்த சம்பவத்தோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். பிரிக்பீல்ட்ஸில் இரவும் பகலும் திறந்திருக்கும் உணவகம் அது. முதலாளி தாராள மனம் படைத்தவர். ரொட்டி போடும் சிப்பந்தி இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்த வாலிபர். ஊரில் தங்கைக்குக் கலியாணம் என்ற செய்தி காதில் விழுந்ததும், அவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே மூவாயிரம் வெள்ளியை எடுத்துக் கொடுத்தவர் அந்த முதலாளி.

ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, ரொட்டிக் கல்லின் முன் நின்றபடியே அந்த வாலிபருக்குக் கண் சொருகிவிட்டது. வலது கை கொதிக்கும் கல்லின்மேல் பதிந்தது. மருத்துவமனைக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிய பிறகுதான் முதலாளி விசாரித்தார். பதினொரு வாரங்களாக அவர் ஒரு நாள்கூட ஓய்வு எடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?" என்று முதலாளி கேட்டார்.

"நீங்க செஞ்ச உதவிக்கு அப்புறம் லீவு கேட்க எனக்கு நாக்கு எழும்பல, முதலாளி" என்றார் அந்த வாலிபர்.

இந்தப் பதிலை நாம் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். முதலாளி கல்நெஞ்சர் அல்லர். சிப்பந்தி சோம்பேறியும் அல்லர். இருவருக்கும் இடையே அன்பு இருந்தது. ஆனால் ஏற்பாடு இல்லை. கொடுத்த உதவியே கேட்கும் வாயை அடைத்துவிட்டது. உதவி செய்வது சதக்கா. ஓய்வும் கூலியும் சிப்பந்தியின் ஹக்கு. சதக்காவைத் தாராளமாகக் கொடுத்துவிட்டதால் ஹக்கு தீர்ந்துவிடாது. இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இதன் விளக்கமும் கணக்கும்.

1. பழைய கடையும் புதிய கடையும்

நம் முன்னோர்கள் சபர் வந்து கடை வைத்த காலத்தில், சிப்பந்தி என்பவர் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர். மருமகனாகவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருப்பார். கடையிலேயே படுக்கை, ஒரே சட்டிச் சோறு, ஒரே தொழுகை வரிசை. வேலை நேரத்திற்குக் கணக்கில்லை என்பது உண்மையே. அந்தக் காலம் முழுவதும் தேனும் பாலுமாக ஓடியது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பையனைக் கசக்கிப் பிழிந்தால், ஊருக்குப் போகும்போது அவன் தகப்பனார் பள்ளிவாசல் திண்ணையில் வைத்து நேருக்கு நேர் கேட்பார். அந்த வெட்கத்திற்குப் பயந்தாவது முதலாளி அளவோடு நடந்துகொள்வார்.

1953 ஆகஸ்டில் குடிநுழைவுச் சட்டம் கடுமையாக அமலுக்கு வந்தது. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. அந்தப் பழைய போக்குவரத்து இவ்விரண்டாலும் அறுபட்டது. இன்று நம் கடைக்கு வரும் ஆள் ஏஜெண்டு வழியாக வருகிறார். அவர் எந்த ஊர், யார் பிள்ளை என்று நமக்குத் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்தும் வருவார், வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவார். பல சமயங்களில் கடன் வாங்கிக்கொண்டே கப்பலேறுகிறார். அவருக்காக நம்மிடம் வந்து கேட்கப் பள்ளிவாசல் திண்ணையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உறவு செய்துவந்த காவலை இனி எழுதப்பட்ட ஏற்பாடுதான் செய்ய வேண்டும். சட்டம் அதற்கு அடிப்படை போட்டுக் கொடுத்திருக்கிறது. அதன்மேல் கட்டுவது நம் பொறுப்பு.

2. சட்டம் கேட்பது என்ன?

1955-ம் வருஷத்துத் தொழில் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்ட வடிவில் நடைமுறையில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் கடை நடத்தும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய விதிகள் இவை:

வாராந்தர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வாரத்திற்கு ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. தொடர்ச்சியாக 5 மணி நேரம் வேலை செய்தவருக்குக் குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை தர வேண்டும்.

மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு, மிகுதியாகச் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அதற்குத் தனி விகிதம். ஓவர்டைம் மாதத்திற்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், அதற்குக் குறைந்த சிறு கடைகளுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதலும் இது கட்டாயம். சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் கைக்குப் போய்ச் சேர வேண்டும். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்ற போதனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஏழு நாள் என்பதே தாராளமான தவணை.

நோய்க்கான சம்பளத்தோடு கூடிய விடுப்பு, வேலையில் இருந்த காலத்தைப் பொறுத்து வருஷத்திற்கு 14, 18 அல்லது 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். வருஷாந்தர விடுமுறை 8, 12 அல்லது 16 நாள். பொது விடுமுறை 11 நாள். பிரசவ விடுமுறை 98 நாள். மணமான ஆண் சிப்பந்திக்குப் பிள்ளை பிறந்தால் 7 நாள்.

வெளிநாட்டுச் சிப்பந்திகளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் பெர்க்கேசோவின் வேலை விபத்துக் காப்பு உண்டு. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதியும் அவர்களுக்குக் கட்டாயம். முதலாளி 2 சதவீதம், சிப்பந்தி 2 சதவீதம் செலுத்த வேண்டும். சிப்பந்தியின் பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று நாம் வாங்கிப் பெட்டியில் பூட்டுவது 1966-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பத்திரம் வேண்டுமானால் அவருக்கே பூட்டும் சாவியும் உள்ள ஓர் அலமாரியைக் கொடுப்போம்.

3. முதலாளியின் கணக்கு

"இதெல்லாம் எழுத்தில் நன்றாக இருக்கும், கடை நடத்துபவனுக்கல்லவா கஷ்டம் தெரியும்?" என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் வியாபாரிகள்; ஆகவே கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஓர் உணவகத்தில் தே தாரிக் ஆற்றும் இடம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கடை 24 மணி நேரமும் திறந்திருந்தால், அந்த ஓர் இடத்தில் வாரத்திற்கு 168 மணி நேரம் ஆள் நிற்க வேண்டும். இரண்டு பேரை வைத்து, ஆளுக்குப் பன்னிரண்டு மணி என்று ஓட்டினால் ஒருவருக்கு வாரம் 84 மணி ஆகிறது. இதில் 45 மணி சாதாரண வேலை. மீதி 39 மணி ஓவர்டைம். மாதக் கணக்கில் இது 169 மணி. 104 மணி என்ற வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது.

சரி, பணக் கணக்கு எப்படி? 1,700 வெள்ளியை 26 நாளால் வகுத்து, பின் 8 மணியால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. 169 மணிக்கு ஏறத்தாழ 2,072 வெள்ளி. அதாவது ஒரு மனிதருக்குக் கொடுக்க வேண்டிய ஓவர்டைமே இன்னொரு மனிதரின் சம்பளத்தைவிட அதிகம்! இருவருக்கும் சேர்த்து 7,544 வெள்ளி. ஓய்வு நாள் விகிதத்தைச் சேர்த்தால் இன்னும் ஏறும். நான்கு பேரை முறையாக வைத்தால் ஆளுக்குச் சராசரி 42 மணி. சம்பளம் 6,800 வெள்ளி.

ஆகவே, இரண்டு பேரை வைத்து இரவும் பகலும் கடை நடத்துவது லாபமாகத் தோன்றுகிறதென்றால், அந்த லாபம் கொடுக்காமல் விட்ட கூலியிலிருந்து வந்தது. அது நம்முடைய பணமல்ல.

ஆள் கூடினால் லெவி, தங்குமிடம், பெர்மிட் என்று செலவு கூடும் என்பது மெய்தான். கேட்ட அளவு ஆள் கிடைப்பதில்லை என்பதும் மெய். அப்படியானால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை கடையை மூடினால் என்ன ஆகும்? தினம் 18 மணி நேரம். ஒன்பது மணி நேரமாக இரண்டு முறை. வாரத்தில் 14 முறை. மூன்று பேரில் இருவர் ஐந்து முறையும் ஒருவர் நான்கு முறையும் நின்றால் போதும். ஒருவருக்கும் 45 மணியைத் தாண்டவில்லை. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு. சிப்பந்தியின் சம்மதத்தோடு நாளுக்கு ஒன்பது மணி என்று இவ்வாறு அமைத்துக்கொள்ளச் சட்டத்திலும் இடம் உண்டு. சம்பளம் 5,100 வெள்ளி. நள்ளிரவுக்குப் பின் நடக்கும் வியாபாரம் உண்மையில் எவ்வளவு மிச்சம் தருகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் கல்லாப் பெட்டியைப் பார்த்துத் தாமே தீர்மானிக்கட்டும்.

கணக்கில் எழுத முடியாத நஷ்டமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021 மே மாதத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டன. வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்பவரைவிட, பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் மாளும் அபாயம் 17 சதவீதம் அதிகம். 84 மணி நிற்பவரின் நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை. கடை மேஜையில் நம்மோடு கூட நிற்கும் நம் சொந்தப் பிள்ளைகளுக்கும், ஏன், நமக்குமே இந்தக் கணக்குப் பொருந்தும்.

4. உட்கார ஒரு முக்காலி

உணவகக்காரர்களுக்கு மட்டுமே பாடம் என்று ஜவுளிக்கடைச் சகோதரர்கள் எண்ண வேண்டாம். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பெருநாள் காலத்தில் நம் துணிக்கடைகளில் எவ்வளவு நேரம் சிப்பந்திகள் நிற்கிறார்கள்!

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு ஒரு கடைவீதி. அங்குள்ள கடைகளில் வேலை பார்த்த பெண்கள், கழிப்பிடம் இல்லை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்கார அனுமதி இல்லை என்று முறையிட்டார்கள். பி. விஜி என்ற தையல்கார அம்மையார் அவர்களை ஒன்று சேர்த்தார். பல வருஷப் போராட்டத்தின் பயனாக, 2018-ல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை எழுதி வைத்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நல அமைச்சர் சி. வெ. கணேசன் இதே போன்ற மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தார், அதுவும் சட்டமாயிற்று. கடைகளில் எல்லாச் சிப்பந்திகளுக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்பது இப்போது அங்கே விதி.

ஒரு முக்காலியின் விலை என்ன? அதற்காகச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. நம் கடையில் யாரும் சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையே நான்கு முக்காலிகளை வாங்கிப் போட்டு, "ஆள் இல்லாத நேரம் உட்காருங்கள்" என்று நம் வாயாலேயே சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் முக்காலி இருந்தும் உட்கார மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் வாலிபரை நினைவில் வையுங்கள்.

5. படுக்கும் இடம்

2020 ஏப்ரலில் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் என்ற இரு கட்டடங்கள் கோவிட் நோயின் காரணமாக முள்வேலியிட்டு அடைக்கப்பட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் கடைவீதியின் உழைப்பாளிகள் பலர் நெருக்கியடித்துக்கொண்டு தங்கிய இடங்கள் அவை. அதே வருஷம் நவம்பரில் கிள்ளான் மேரு வட்டாரத்தில் டாப் குளோவ் கையுறைத் தொழிற்சாலைகளின் விடுதிகளில் நோய் பரவி, 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூடும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த கையுறைகளுக்கு 2020 ஜூலையில் அமெரிக்கா விதித்த தடை, 2021 செப்டம்பரில்தான் நீங்கியது. தொழிலாளர்கள் வேலைக்கு வர ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தையும் அந்த ஸ்தாபனம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இருந்த தொழிலாளர் வசிப்பிடச் சட்டம் 2020 ஜூன் 1 முதல் எல்லாத் தொழில்களுக்கும் விரிந்துவிட்டது. கடைக்கு மேல்மாடியில் ஆட்களைத் தங்க வைத்தாலும் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். வீட்டு அறையில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் இடம், தனிக் கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுள்ள அலமாரி, ஆறு பேருக்கு ஒரு குளியலறையும் கழிப்பறையும் இருக்க வேண்டும். ஒருவர் எழுந்தவுடன் அதே சூட்டோடு இன்னொருவர் வந்து படுக்கும் வழக்கத்திற்கு இதில் இடமில்லை. இரவு வேலை பார்த்தவர் பகலில் தூங்க, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுக் கொடுத்தால் அது விதியில் இல்லாத நன்மை.

6. கடையின் பழக்கவழக்கம்

விதிகள் எல்லாம் சரியாக இருந்தும் சில கடைகளில் ஆள் நிலைப்பதில்லை. அங்கே குறை நாக்கில் இருக்கும். வாடிக்கையாளர் முன்னிலையில் "டேய்" என்று அழைப்பது, தட்டு உடைந்தால் பிறப்பையும் ஊரையும் இழுத்துத் திட்டுவது, சம்பளத்தில் பிடிப்பேன் என்று மிரட்டுவது இவற்றையெல்லாம் கண்டிப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெயர் சொல்லி, "தம்பி", "அண்ணன்", "அக்கா" என்று அழைப்பதற்குக் காசு செலவில்லை.

நம் சிப்பந்திகளில் எல்லாரும் நம் மார்க்கத்தவர் அல்லர். ஜும்ஆவுக்கு முஸ்லிம் சிப்பந்தி போவதற்கு நேரம் ஒதுக்குவதுபோல், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்துச் சிப்பந்தி விடுமுறை கேட்டால் முகம் சுளிக்காமல் முன்கூட்டியே முறை வைத்துக் கொடுக்க வேண்டும். நோன்பு மாதத்தில் மற்றவர்கள் மறைந்து நின்று சாப்பிடும்படி விடாமல், அவர்களுக்கென ஓர் இடமும் நேரமும் வைக்க வேண்டும்.

மனத்தின் நோய் வெளியே தெரியாது. கலகலப்பாக இருந்தவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், சாப்பாட்டைத் தள்ளினால், ஊருக்குப் போன் செய்வதை நிறுத்தினால், தனியே அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஊரில் ஒரு மரணம், ஒரு கடன், ஒரு பிரிவு இருக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் என்னும் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. அதைச் சமையற்கட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

7. இந்த மாதமே செய்யக்கூடியவை

முதலாவது, யாருக்கு என்று வேலை, என்று ஓய்வு என்பதைக் காட்டும் அட்டவணையை எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவது. ஓய்வு நாள் சுவரில் இருந்தால் யாரும் நாக்கை எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சம்பளத் தேதியை நிச்சயம் செய்து, ஓவர்டைமையும் பிடித்தத்தையும் தனித்தனியே காட்டும் சீட்டோடு வங்கி வழியாகக் கொடுப்பது.

மூன்றாவது, உதவியையும் சம்பளத்தையும் ஒரே ஏட்டில் கலக்காதிருப்பது. கடனாகக் கொடுத்தால் கடன் என்று எழுதுங்கள். இனாமாகக் கொடுத்தால் மறந்துவிடுங்கள்.

நான்காவது, குறை கேட்க ஒருவரை நியமிப்பது. அவர் முதலாளியின் மைத்துனராக இருக்க வேண்டாம். ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும் என்று 2024 ஜூன் 1 முதல் சட்டமே சொல்கிறது. சிப்பந்திகள் நம்பும் மனிதரையே அப்பொறுப்பில் வைத்துவிட்டால் இரண்டு காரியமும் ஒன்றாக முடியும்.

நிற்க. பிரிக்பீல்ட்ஸ் கடையின் கதை இன்னும் முடியவில்லை. வாலிபரின் கை ஆறும்வரை முதலாளி சம்பளத்தைக் குறைக்கவில்லை, பெர்க்கேசோவுக்கும் எழுதினார். அதற்குப் பிறகு ஓய்வு நாள் அட்டவணை ஒன்றை எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். முதல் வரியில் அந்த வாலிபரின் பெயர். கடைசி வரியில் தம் பெயர். "மூவாயிரம் வெள்ளி கொடுத்தபோது வராத நிம்மதி, இந்தக் காகிதத்தை ஒட்டியபோது வந்தது" என்று அவர் நம்மிடம் சொன்னார்.

சிந்தனைக்கு

1. சென்ற மாதத்தில் நம் கடைச் சிப்பந்திகள் ஒவ்வொருவரும் எத்தனை நாள் ஓய்வு எடுத்தார்கள்? ஏட்டைப் பார்க்காமல் சொல்ல முடியுமா?

2. நாம் செய்த எந்த உதவியாவது ஒரு சிப்பந்தியின் வாயை அடைத்திருக்கிறதா?

3. அவர்கள் படுக்கும் அறையை நாம் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம்? அங்கே ஓர் இரவு படுக்க நாம் சம்மதிப்போமா?

4. நம் பிள்ளை வேறொரு தேசத்தில், வேறொருவர் கடையில் இதே நிபந்தனையில் வேலை செய்தால் நாம் அந்த முதலாளியிடம் என்ன கேட்போம்?

நான்காவது கேள்விக்கு வரும் பதிலை எழுதி வையுங்கள். அதுவே நம் கடையின் முதல் விதியாக இருக்கட்டும்.